வாரத்துக்கு எட்டு நாள்: சின்னச் சந்தோஷங்களுக்கு ரங்கூனிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் ஒரு சனிக்கிழமை, மோல்மேனில் இருக்கும் என் சித்தி போன் செய்து, "என்னம்மா, இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன், சொல்ல ஒன்றும் வரவில்லை. ஆபீஸ் போனேன், வந்தேன், கரண்ட் வந்த நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினேன், சோறு வடித்தேன், படுத்தேன். கஷ்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை, நல்லது என்று சொல்லவும் ஒன்றுமில்லை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அதுவும் தெரியாது. சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு வெள்ளிக்கிழமைன்னா சாயங்காலம் ஆத்தங்கரையில நடக்கணும். அது இல்லாம எனக்கு வாரம் முடியாது. உனக்கு எந்தக் கிழமை இருக்கு?"

எனக்கு எந்தக் கிழமையும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இதில் எது நிலைத்தது, எது இரண்டே வாரத்தில் உதிர்ந்தது என்று நன்றாகத் தெரிந்துவிட்டது. அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். ரங்கூனில் இருப்பவர்கள் அப்படியே செய்யலாம். மற்ற ஊர்க்காரர்கள் பண்டத்தையும் தெருவையும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

முதல் படி: ஒரு வாரத்தை உள்ளபடி எழுதுங்கள்

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் இருங்கள். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தந்த நாளின் கட்டத்துக்குள் ராத்திரி படுக்கும்முன் இரண்டே சொல் எழுதுங்கள்: இன்று எது கொஞ்சமாவது நன்றாக இருந்தது? நீளமாக எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள், அதனால் இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒன்றும் இல்லாத நாளுக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

ஏழு நாள் முடிந்து பார்த்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, நீங்கள் எங்கெல்லாம் சும்மா காத்திருக்கிறீர்கள் என்பது: பஸ்ஸுக்கு, கரண்டுக்கு, தண்ணீர் ஏறுவதற்கு. அந்த நேரமெல்லாம் உங்களுடையது, யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இன்னொன்று, உங்களுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தும் கவனிக்காமல் விட்டது. என் காலண்டரில் நான்கு கோடு இருந்தது, மீதி மூன்று கட்டத்திலும் ஒரே வார்த்தைதான்: "மொய்ங்கா வாசனை". காலையில் மாடிப்படி இறங்கும்போது கீழ்ப்படியில் மூக்கில் ஏறும் அந்த மீன் குழம்பும் எலுமிச்சைப் புல்லும் கலந்த வாசனை. தினமும் அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன், ஒரு நாள்கூட நின்று சாப்பிட்டதில்லை. அங்கே தொடங்கினேன்.

இரண்டாம் படி: எதைச் சேர்க்கலாம், எதை வேண்டாம் என்று விடலாம்

நான் முதலில் சேர்த்ததில் பாதி தோற்றது. மாலையில் மாமா மகளோடு வீடியோ கால் என்று ஒன்று வைத்தேன். நெட் இருந்தால் கரண்ட் இல்லை, கரண்ட் இருந்தால் நெட் இல்லை, சந்தோஷத்துக்கு வைத்தது எரிச்சலாக முடிந்தது. அதிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கரண்டையோ நெட்டையோ நம்பி இருக்கும் எதையும் வாரத்தின் கட்டத்துக்குள் வைக்காதீர்கள். கிடைத்தால் வரவு என்று வெளியே வைத்துக்கொள்ளுங்கள். விலை ஒரு கிண்ணம் மொய்ங்காவைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் மாதக் கடைசியிலும் அது நடக்க வேண்டும், மாதக் கடைசியில்தான் அது அதிகம் தேவை. அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிவிலக்கு. அப்புறம், கையோ மூக்கோ நாக்கோ அதில் வேலை செய்ய வேண்டும். கண்ணால் மட்டும் பார்ப்பது, அதிலும் போனில் பார்ப்பது, மறுநாள் நினைவில் நிற்பதே இல்லை. இதை நான் காலண்டரை வைத்தே சொல்கிறேன்: போனில் பார்த்த எதையும் அந்த இரண்டு சொல்லில் நான் ஒரு முறைகூட எழுதியதில்லை.

ஏழில் குறைந்தது இரண்டு இன்னொருவரோடு சேர்ந்து செய்வதாக இருக்கட்டும். எல்லாமே தனியாக என்றால் வறண்டுவிடும், எல்லாமே ஆளோடு என்றால் அவர்கள் வராத நாளில் எல்லாம் போய்விடும்.

மூன்றாம் படி: கிழமையோடு முடிச்சுப் போடுங்கள்

இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். "நேரம் கிடைக்கும்போது செய்யலாம்" என்று வைத்தது எதுவும் நடக்காது. "புதன்கிழமை இரண்டு மணி" என்று வைத்தது நடக்கும். நடப்பது மட்டுமில்லை, திங்கள் மதியமே அதை நினைக்க ஆரம்பித்துவிடுவோம். அரை மணி நேரத்து டீயை இரண்டு நாள் எதிர்பார்த்துக் குடிப்பது எவ்வளவு பெரிய லாபம், யோசித்துப் பாருங்கள். தினமும் குடித்தால் அது வெறும் டீ.

நமக்குக் கிழமையை மதிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செவ்வாய் வெள்ளி அம்மனுக்கு, வியாழன் குருவுக்கு, சனிக்கு எள் விளக்கு என்று வளர்ந்தவர்கள். பர்மியர்கள் இதில் நம்மைவிட ஒரு படி மேலே. அவர்களுக்குப் பிறந்த தேதியைவிடப் பிறந்த கிழமைதான் பெரிது. ரங்கூனின் பெரிய புத்தக் கோயிலான ஷ்வேடகோன் கோபுரத்தைச் சுற்றிக் கிழமைக்கு ஒரு மூலை உண்டு, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மிருகம்: ஞாயிறுக்கு வடகிழக்கில் கருடன், திங்களுக்குக் கிழக்கில் புலி, செவ்வாய்க்குத் தென்கிழக்கில் சிங்கம், வியாழனுக்கு மேற்கில் எலி, வெள்ளிக்கு வடக்கில் சீமைப் பெருச்சாளி, சனிக்குத் தென்மேற்கில் நாகம். புதனை மட்டும் நடுப்பகலில் இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். காலையில் பிறந்தவர்களுக்குத் தெற்கில் தந்தம் உள்ள யானை, மதியத்துக்குமேல் பிறந்தவர்களுக்கு வடமேற்கில் தந்தமில்லாத யானை, அந்த மதியத்துக்கு ராகு என்று பெயர். ஆக மொத்தம் வாரத்துக்கு எட்டு.

நம் காலண்டரை எடுத்துப் பாருங்கள், புதன்கிழமை ராகு காலம் 12 மணி முதல் 1.30 வரை என்று இருக்கும். அவர்களுடைய ராகுவும் அதே புதன், அதே 12 மணிக்குத்தான் பிறக்கிறார். எனக்கு இதைக் கண்டுபிடித்த நாள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் பிறந்ததும் புதன் மதியம்தான், அதனால் என் வாரத்தில் பெரிய இடத்தை அந்த எட்டாம் நாளுக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் பிறந்த கிழமையைக் கண்டுபிடித்து, உங்களுக்கு மிகவும் பிடித்ததை அந்த நாளில் வையுங்கள்.

நான்காம் படி: என் வாரம், நாள் நாளாக

திங்கள்: கயிறு

ரங்கூன் நகரத்துக்குள் லிஃப்ட் இல்லாத மாடி வீடுகளில் இருப்பவர்களுக்குக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப் அல்லது ஒரு பை. பேப்பர்காரர் பேப்பரை மாட்டுவார், காய்கறி விற்கும் பெண் கீரைக்கட்டை வைப்பார், மேலே இழுத்துக்கொள்வோம். அத்தையும் நானும் நான்காம் மாடியில் இருக்கிறோம். கயிறு அத்தை காலத்திலிருந்து இருக்கிறது, அத்தை அதில் கட்டியிருந்த சின்ன மணியும் இருக்கிறது.

திங்கள் காலைதான் எனக்கு இருப்பதிலேயே கனமான நேரம், அதனால் அன்றைக்கு என் தலையில் எந்த வேலையும் இல்லாத சந்தோஷமாக வைத்தேன். ஆறரைக்குத் தூக்குப்பாத்திரத்தில் காசை வைத்துக் கீழே இறக்குவேன். மொய்ங்கா விற்கும் அம்மா எதையும் கேட்க மாட்டார், என் கணக்கு அவருக்குத் தெரியும். குழம்பு தனி, அரிசி நூடுல்ஸ் தனி, ஒரு அவித்த முட்டை, மேலே நொறுக்கிப் போட பேஜோ என்ற மொறுமொறு பருப்பு வடை. மணி இரண்டு தடவை அசைந்தால் இழுக்கலாம் என்று அர்த்தம். இழுக்கும்போது கவனமாக, ஒரே சீராக இழுக்க வேண்டும், இரண்டாம் மாடி அண்ணி துணி காயப்போடும் கம்பியில் தட்டாமல். பாத்திரம் மூன்றாம் மாடி தாண்டும்போதே வாசனை முந்திக்கொண்டு வந்துவிடும்.

மொய்ங்கா தெரியாதவர்களுக்கு: கெளுத்தி மீனை இஞ்சி, பூண்டு, வெங்காயம், எலுமிச்சைப் புல்லோடு வேகவைத்து, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்துக் கெட்டியாக்கி, இளம் வாழைத்தண்டைப் போட்டுக் கொதிக்கவிடும் குழம்பு. வாழைத்தண்டு குழைந்தும் குழையாமலும் இருக்க வேண்டும், அதுதான் நல்ல கடைக்கு அடையாளம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, வரமிளகாய்த் தூளைத் தூவி, பேஜோவைக் கடைசியாகத்தான் நொறுக்க வேண்டும். முன்னாடியே போட்டுவிட்டால் ஊறிப்போய் மொறுமொறுப்பு போய்விடும், பாதி சுகம் அதில்தான்.

செவ்வாய்

சாயங்காலம் அனோரத்தா சாலையில் இருக்கும் காளி கோயில். 1871-இல் நம் ஆட்கள் கட்டியது. நான் பூஜைக்காகக் காத்திருப்பதில்லை, வாசலில் பூக்காரியிடம் ஒரு முழம் மல்லி வாங்கி, பாதியை அம்மனுக்குக் கொடுத்து, பாதியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். பத்தே நிமிடம். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாசனை கூட வரும்.

புதன் மதியம்: டீக்கடை

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பர்மா டீக்கடையில் உட்காரத் தெரிந்தால் பாதி வாழ்க்கை தெரிந்த மாதிரி.

முதலில் எப்படிக் கேட்பது. சோ என்றால் இனிப்பு, செய்ன் என்றால் பால் கொழகொழவென்று இருப்பது, ஜா என்றால் டிக்காஷன் கடுப்பு, பொ என்றால் மட்டு. இந்த நாலையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் உங்கள் டீ வந்துவிடும். சோ செய்ன் கேட்டால் இனிப்பாகப் பால் தூக்கலாக வரும், நம் ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு அது பிடிக்கும். ஜா செய்ன் கேட்டால் பாலும் கடுப்பும் இரண்டும் இருக்கும், பொ ஜா கேட்டால் இனிப்பு குறைந்து கடுப்பு மேலே நிற்கும். நான் பொ ஜா. இந்த டீயில் போடுவது கறந்த பால் இல்லை, டின் பால்: இனிப்புக் கண்டென்ஸ்ட் பாலும், இனிப்பில்லாத சுண்டிய பாலும். டிக்காஷனை நேரம் எடுத்துக் கெட்டியாக இறக்குவதால் அவ்வளவு பாலையும் தாண்டிக்கொண்டு துவர்ப்பு நாக்கில் வந்து நிற்கும்.

அடுத்தது உட்காரும் முறை. முழங்கால் உயர ஸ்டூல்தான், முதுகைச் சாய்க்க இடமில்லை, சுவரோரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மேஜையில் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும், அதில் பால் சேர்க்காத வெறும் டீ, அதற்குக் காசில்லை. குட்டிக் கப்பைக் கொஞ்சம் அதை ஊற்றியே கழுவி, கொட்டிவிட்டு, மறுபடி ஊற்றிக் குடியுங்கள். பால் டீ ஒரு கப், அது தீர்ந்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வெறும் டீயை வைத்துக்கொண்டு உட்காரலாம், ஒருத்தரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். உலகத்தில் இப்படி ஒரு மரியாதை எத்தனை ஊரில் கிடைக்கும் என்று எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கூட ஏதாவது வேண்டுமென்றால் அவித்த பட்டாணியும் நான் ரொட்டியும் கேளுங்கள், இல்லாவிட்டால் நீளமான எண்ணெய்ப் பலகாரத்தை டீயில் தோய்த்துச் சாப்பிடலாம். சில கடைகளில் தோசை உண்டு, பர்மியர் அதைத் தோஷே என்பார்கள். பர்மிய எழுத்தில் எழுதினால் தோ என்றால் குட்டை, ஷே என்றால் நீளம். நம் தோசை அவர்கள் வாயில் குட்டை நீளமாகிவிட்டது. பராட்டா பலாத்தா ஆனது. நம் தாத்தா பாட்டிகள் கப்பலில் கொண்டுவந்தது இப்படி ஊர்ப்பேச்சில் கலந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

என் ஆபீஸ் பக்கத்துக் கடையில் டீ கொண்டுவரும் பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். முதல் இரண்டு மாதம் நான் கேட்டால்தான் கொண்டுவருவான். மூன்றாம் மாதம் ஒரு புதன், நான் ஸ்டூலை இழுக்கும்முன்பே உள்ளே பார்த்து "அமாவுக்குப் பொ ஜா ஒன்று!" என்று குரல் கொடுத்தான். அமா என்றால் அக்கா. ஒரு கடையில் சொல்லாமலே நமக்கு டீ வருவது என்பது, அந்த ஊரில் நமக்கு ஓர் இடம் இருக்கிறது என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி. இது கிடைக்க வேண்டுமென்றால் ஒரே கடை, ஒரே கிழமை, ஒரே நேரம், மூன்று மாதம். வேறு வழியில்லை.

வியாழன்: லப்பே

கரண்ட் இல்லாத சாயங்காலத்துக்கு இதைவிட நல்லது ஒன்றுமில்லை, அடுப்பே வேண்டாம். புளிக்கவைத்த தேயிலைதான் லப்பே. வடக்கு ஷான் மலையில் நம்சான் பக்கத்து இலைக்குப் பேர் அதிகம். பழத்தில் மாம்பழம், இறைச்சியில் பன்றி, இலையில் லப்பே என்று பர்மியர் சொல்வார்கள், அவ்வளவு உசத்தி. ஒரு கைப்பிடி இலையை எடுத்து நன்றாகப் பிழிந்து, காம்பு இருந்தால் கிள்ளிப் போட்டுவிட்டு, கடலெண்ணெய் இரண்டு ஸ்பூன், அரை எலுமிச்சம்பழம், உப்பு போட்டு விரலால் பிசையுங்கள். பிசையப் பிசையக் கரும்பச்சையாகி எண்ணெய் மினுங்கும். மெல்லிசாக அரிந்த முட்டைக்கோஸ், தக்காளி, பச்சைமிளகாய், அப்புறம் பொரித்த பயறுகள், வேர்க்கடலை, வறுத்த எள், பொரித்த பூண்டு. கருவாட்டு இறால் சேர்ப்பவர்கள் சேர்க்கலாம், எங்கள் வீட்டில் அத்தை சைவம், அதனால் இல்லை. பயறு வகையைப் பரிமாறும் நேரத்தில்தான் கலக்க வேண்டும், மொய்ங்காவுக்குச் சொன்ன அதே காரணம். ஒரு தட்டு, இரண்டு ஸ்பூன், நடுவில் மெழுகுவர்த்தி, அத்தையும் நானும். பழைய கதை எல்லாம் அந்தத் தட்டைச் சுற்றித்தான் வெளியே வரும். ஆறு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், தேயிலை அல்லவா, பிந்தினால் தூக்கம் வராது.

வெள்ளி: புருஷன் பெண்சாதிப் பலகாரம்

மோன் லின் மயா என்று பெயர். மோன் என்றால் பலகாரம், லின் என்றால் கணவன், மயா என்றால் மனைவி. நம் குழிப்பணியாரச் சட்டி மாதிரியே குழிகள் உள்ள பெரிய இரும்புத் தட்டில் அரிசி மாவை ஊற்றி, ஒரு குழியில் காடை முட்டை, ஒரு குழியில் வெங்காயத்தாள், கொஞ்சம் அவித்த கடலை என்று போடுவார்கள். வெந்ததும் ஒரு பாதியைக் கரண்டியால் கிளப்பி இன்னொரு பாதியின் மேல் கவிழ்ப்பார்கள், இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு உருண்டை ஆகிவிடும். அதனால்தான் அந்தப் பெயர். வாங்குவதைவிட அந்தக் கவிழ்க்கும் கையைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிது, அதனால் தட்டு காலியாகி மறுபடி மாவு ஊற்றும் நேரத்தில் போய் நிற்பேன். இரண்டாம் மாடி அண்ணியோடு சேர்ந்து ஒரு பொட்டலம் வாங்கி, தெருமுனையிலேயே நின்று தின்றுவிட்டுத்தான் படி ஏறுவோம். வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், ஆறினால் ரப்பர்.

சனி: தனக்கா

சனிக்கிழமை காலை அவசரமில்லாமல் குளித்துவிட்டு இதற்கு உட்காருவேன். தனக்கா என்பது பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசும் மரம், வில்வமும் விளாவும் இருக்கும் அதே எலுமிச்சைக் குடும்பம். வாங்கும்போது துண்டைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், பட்டை தடித்து நல்ல வாசனை இருக்க வேண்டும். ஷ்வேபோ, ஷின்மடௌங் இரண்டு இடத்துச் சரக்கும் பெயர் போனது. டப்பாவில் பவுடராகவும் பசையாகவும் விற்கிறார்கள், ஆனால் இந்த வழிகாட்டியில் அதற்கு இடமில்லை. அரைப்பதுதான் இதில் சந்தோஷமே.

சந்தனம் அரைக்கத் தெரிந்த எவருக்கும் இது வரும். வட்டமான கல், ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, துண்டின் பட்டைப் பக்கத்தைக் கல்லில் வைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தாதீர்கள். அழுத்தினால் திட்டுத் திட்டாக வரும், மெல்லத் தேய்த்தால் மோர் நிறத்தில் வழுவழுவென்று கசியும். கல்லும் கட்டையும் உரசும் சத்தம் ஒரே தாளத்தில் வர ஆரம்பித்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் இரண்டு கன்னத்துக்குப் போதும். தண்ணீரை அள்ளித் தெளித்துவிட்டால் நீர்த்துப்போகும், அப்போது காத்திருந்து மேலே தெளிந்த தண்ணீரை வாய்க்காலில் சாய்த்துவிடலாம்.

பூசியதும் கன்னம் ஜில்லென்று இருக்கும், காயக் காய லேசாக இழுக்கும். என் பாட்டி நெற்றியில் திருநீறு, கன்னத்தில் தனக்கா என்று இரண்டும் வைத்துக்கொண்டுதான் வாசலில் உட்காருவார். நான் கல்லை எடுக்கும்போதெல்லாம் அவர் கை என் கைமேல் இருக்கிற மாதிரி இருக்கும்.

ஞாயிறு

இது மட்டும் அரை நாள் எடுத்துக்கொள்ளட்டும், நான்கு வாரத்துக்கு நான்கு. ஒரு வாரம் ஷ்வேடகோன், காலை ஆறு மணிக்குள், கல்தரை சுடும் முன்னால். பிறந்த கிழமை மூலைக்குப் போய் அங்கே இருக்கும் சின்னக் கிண்ணத்தால் தண்ணீர் ஊற்றுங்கள், வயதுக்கு ஒன்று கூட்டி ஊற்றுகிறவர்களும் உண்டு. ஒரு வாரம் பன்சொடான் தெருவிலும் 37-ஆம் தெருவிலும் பழைய புத்தகக் கடைகள், வாங்காவிட்டாலும் புரட்ட விடுவார்கள். ஒரு வாரம் வட்ட ரயில்: 46 கிலோமீட்டர், 39 ஸ்டேஷன், முழுச் சுற்று வர ஏறக்குறைய மூன்று மணி நேரம். அன்றைக்கு எதுவரை ஓடுகிறது என்று கேட்டு டிக்கெட் எடுங்கள், முழுச் சுற்று இல்லாவிட்டாலும் தனிங்கோன் காய்கறிச் சந்தை வரை போய்த் திரும்பினால் போதும், ரயிலுக்குள்ளேயே கீரைக்கட்டுகள் ஏறுவதைப் பார்க்கலாம். நாலாவது வாரம் ஒன்றுமே செய்யாமல் வீட்டில் கிடங்கள், அதையும் காலண்டரில் எழுதிவிட்டுக் கிடங்கள்.

ஐந்தாம் படி: மாற்றமும் விடுமுறையும்

ஏழையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் மாதம் ஒன்று, அது தானாக நடக்க ஆரம்பித்ததும் இரண்டாவது. எனக்கு ஏழும் அமைய எட்டு மாதம் ஆயிற்று.

ஒரு வாரம் தவறிவிட்டால் மறுவாரம் இரண்டு முறை செய்யக்கூடாது. பாக்கி வைத்தால் அது கடன் ஆகிவிடும், கடனில் ஏது சந்தோஷம். மழைக்கு மாற்று ஒன்று முன்பே யோசித்து வையுங்கள். இங்கே மே நடுவில் பிடித்தால் அக்டோபர் வரை மழை, வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊர் இது, தெருவில் நின்று பலகாரம் தின்ன முடியாது. அந்த மாதங்களில் வெள்ளிக்கு வெறும் டீயும் பனைவெல்லமும்தான். பகான் பக்கத்துப் பனையிலிருந்து வருவது, நம் கருப்பட்டியின் தம்பி. ஒரு துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு சூடான டீயை மேலே விட்டால் கரைந்துகொண்டே வரும். பால்கனியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தபடி இரண்டு துண்டு.

பனிக்காலத்தில் ஞாயிறு ஒன்றைக் கடற்புறாக்களுக்குக் கொடுங்கள். நவம்பருக்கு மேல் அவை ஆற்றுக்கு வந்துவிடும், எதிர்க்கரையில் இருக்கும் டலாவுக்குப் போகும் படகின் பின்னாலேயே கூட்டமாகப் பறக்கும். தீனியை மேலே எறிந்தால் காற்றிலேயே பிடிக்கும். குழந்தைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

எந்தச் சந்தோஷமாவது நாலு வாரம் தொடர்ந்து வேலையாகத் தோன்றினால் மாற்றிவிடுங்கள், மனசு உறுத்தத் தேவையில்லை. அப்புறம் ஒரு கட்டத்தை எப்போதும் பாதி காலியாக வையுங்கள், எதிர்பாராமல் வருவதற்கு.

எனக்கு அது இந்த ஏப்ரலில் வந்தது. திஞ்சானுக்கு, அதாவது நம் சித்திரை வருடப்பிறப்புக்கு, சில நாள் முன்பு ஒரு திங்கள். முந்தின ராத்திரி முதல் மழை பெய்திருந்தது. ஆறரைக்கு வழக்கம்போலப் பாத்திரத்தை இறக்கினேன், மணி அசைந்தது, இழுத்தேன். பாத்திரத்தோடு கிளிப்பில் ஒரு கொத்துப் படௌக் மாட்டியிருந்தது, பொன் மஞ்சள், இன்னும் ஈரம். வருடத்தில் முதல் மழை விழுந்ததும் பூத்து, ஒரே நாளில் உதிர்ந்துவிடும் பூ. எட்டிப் பார்த்தேன், மொய்ங்கா அம்மா தன் கொண்டையில் செருகியிருந்ததைத் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குக் குழம்பு ஊற்றப் போய்விட்டார்.

அத்தை கொத்தை வாங்கி முகர்ந்தார். "இது நம்ம வேங்கைக்குச் சொந்தக்காரப் பூவாச்சே, முருகனுக்கு வையி," என்றார். பாதியை முருகன் படத்துக்கு வைத்தேன், மீதியை அத்தைக்கும் எனக்குமாகப் பிரித்துத் தலையில் வைத்தோம். மொய்ங்கா அதற்குள் கொஞ்சம் ஆறியிருந்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தபோது படத்தடியில் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது, அத்தை அதைப் பெருக்காமல் விட்டுவைத்திருந்தார்.